பீப்பாய் மாற்றிய சிங்கிள் மால்ட்: ருசித்துப் பழகுவது எப்படி?

லேபிளில் 'போர்ட் கேஸ்க் ஃபினிஷ்', 'ரம் கேஸ்க் ஃபினிஷ்' (கேஸ்க் என்றால் பீப்பாய்) என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்ததும் சிங்கிள் மால்ட்டுக்குப் புதியவர்களுக்கு முதலில் ஒரு சந்தேகம் வரும். விஸ்கியில் போர்ட் என்ற போர்ச்சுகல் இனிப்பு ஒயினையோ ரம்மையோ கலந்துவிட்டார்களா? கலக்கவில்லை. ஸ்காட்லாந்தில் சட்டப்படி கலக்கவும் முடியாது. வடித்து முடித்த ஸ்காட்ச் விஸ்கியில் சேர்க்க அனுமதி உள்ளவை இரண்டே இரண்டு: தண்ணீர், நிறத்துக்காகச் சாதாரண கேரமல். மற்றபடி வாசனை, ருசி எல்லாம் தானியத்திலிருந்தும் நொதிப்பிலிருந்தும் வடிக்கும் விதத்திலிருந்தும் பீப்பாய் மரத்திலிருந்தும்தான் வர வேண்டும். அந்த மரத்தில் முன்பு எது ஊறிக் கிடந்தது என்பதை வைத்துச் செய்கிற வேலைதான் ஃபினிஷ்.

கொஞ்சம் அடிப்படையிலிருந்து வருவோம். சிங்கிள் மால்ட் என்பது ஒரே டிஸ்டிலரியில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, செம்புக் கொதிகலன்களில் தவணை தவணையாக வடித்த விஸ்கி. ஒரே பீப்பாயிலிருந்து வந்தது என்று அர்த்தமில்லை. ஒரு பாட்டிலுக்குள் அந்த டிஸ்டிலரியின் நூற்றுக்கணக்கான பீப்பாய்களின் சரக்கு கலந்திருக்கலாம். 2009இல் வந்த ஸ்காட்ச் விஸ்கி விதிகளின்படி அது 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்து மண்ணிலேயே, குறைந்தது 3 ஆண்டுகள் இருக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

கொதிகலனிலிருந்து வருகிற புதுச்சரக்குக்கு நிறமே கிடையாது, தண்ணீர் மாதிரி இருக்கும். வழக்கமாக 63.5 சதவீத அளவுக்கு நீர்க்கச் செய்து பீப்பாயில் ஊற்றுவார்கள். அங்கே கிடைக்கும் முதல் பீப்பாய் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருக்கும். அமெரிக்க விஸ்கியான போர்பனை உள்ளே கரியாகச் சுட்ட புதிய ஓக் கலத்தில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை போர்பன் ஊறிய பீப்பாய் மறுமுறை போர்பனுக்கு உதவாது. அப்படி மிஞ்சுகிற, சுமார் 200 லிட்டர் கொள்கிற பீப்பாய்கள்தான் ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன.

ஓக் மரம் என்ன தருகிறது? மரத்தின் லிக்னின் சூட்டில் உடைந்து வெனிலின் ஆகிறது, அதுதான் வெனிலா வாசனை. ஓக் லாக்டோன் என்ற பொருள் தேங்காய் வாசனை தரும். யூஜினால் கிராம்பு வாசனை தரும். டானின் துவர்ப்பைத் தரும். உள்ளே இருக்கும் கரிப் படலம் புதுச்சரக்கின் கந்தக நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இத்தனையும் நடக்கிற வேளையில் ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போய்விடும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். தேவதைகளுக்குக் கணக்கு கேட்க ஆளில்லை.

சரி, ஃபினிஷ் எங்கே வருகிறது? போர்பன் பீப்பாயில் சில ஆண்டுகள் கிடந்து ஓரளவு ஆளான விஸ்கியை வெளியே எடுத்து, வேறு ஏதோ ஒன்று ஊறியிருந்த இன்னொரு பீப்பாயில் மாற்றி ஊற்றுகிறார்கள். சில வாரமோ, பல மாதமோ, ஓரிரு ஆண்டோ அங்கே இருக்கும். ஒயின் ஊறிய பீப்பாயைக் காலி செய்தாலும் அதன் பலகைகளுக்குள் பல லிட்டர் ஒயின் ஊடுருவித் தங்கியிருக்கும். விஸ்கி அதை வெளியே இழுக்கிறது. கூடவே அந்த ஒயின் தொட்டுப் பதப்படுத்திய மரத்தின் ருசியையும் எடுத்துக்கொள்கிறது. முழு ஆயுளையும் ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் ஊறிய பீப்பாயில் கழித்த விஸ்கி வேறு, கடைசி சில மாதம் மட்டும் அங்கே தங்கிய விஸ்கி வேறு. முதலாவது உள்ளுக்குள் வரை சாயம் ஏறிய துணி, இரண்டாவது மேலே அச்சுப் போட்ட துணி. அச்சு நன்றாக விழுந்தால் அதுவும் அழகுதான். அடியில் துணி என்ன தரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஒரு முறையாக வளர்த்ததில் பால்வெனி டிஸ்டிலரியின் டேவிட் ஸ்டூவர்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1980களின் தொடக்கத்தில் அவர் செய்து பார்த்த சோதனைகளிலிருந்து பால்வெனி கிளாசிக் வந்தது. 1993இல் வந்த பால்வெனி டபுள்வுட் இன்றும் விற்கிறது: போர்பன் பீப்பாயில் 12 ஆண்டு, பிறகு ஷெர்ரி பீப்பாயில் 9 மாதம். 1990களில் கிளென்மொராஞ்சி டிஸ்டிலரி போர்ட், ஷெர்ரி, மடீரா ஒயின் பீப்பாய்கள் என்று வரிசையாக இறக்கியதும் ஃபினிஷ் ஊரறிந்த விஷயமாகிவிட்டது. அப்போது முணுமுணுத்தவர்களும் உண்டு. சுமாரான விஸ்கிக்கு ஒயின் பூசி விற்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அது முழுப் பொய்யும் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஷெர்ரியும் போர்ட்டும் இன்று பழைய கதை. 2019 ஜூனில் ஸ்காட்ச் விதிகளைத் தளர்த்தினார்கள். ஒயின், பியர், சாராய வகை எது ஊறிய ஓக் பீப்பாயும் ஆகலாம். டெகீலா, மெஸ்கால் என்ற மெக்சிகோ சாராயங்களும் கால்வடோஸ் என்ற பிரெஞ்சு ஆப்பிள் பிராந்தியும் ஊறிய பீப்பாய்களுக்கும் இதில் வழி பிறந்தது. விலக்கும் உண்டு. செர்ரி, பிளம் போன்ற கொட்டைப் பழங்களில் செய்த மது ஊறிய பீப்பாய் கூடாது. பழமோ இனிப்போ பிறகு சேர்த்த பியரும் சாராயமும் ஊறியதும் கூடாது. எதுவானாலும் மரம் ஓக்காகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் அயர்லாந்தில் சட்டம் மரப்பீப்பாய் என்று மட்டும் சொல்கிறது, அதனால் செஸ்ட்நட், அக்கேசியா மரங்களில்கூட ஃபினிஷ் செய்து பார்க்கிறார்கள்.

விதி தளர்வதற்கு முன்பே சிலர் துணிந்திருந்தார்கள். 2016இல் கிளென்ஃபிடிக் ஒரு ஐபிஏ பரிசோதனை வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில் இருக்கும் ஒரு பியர் ஆலையோடு சேர்ந்து, ஐபிஏ வகைப் பியரை விஸ்கிப் பீப்பாயில் ஊறவைத்து, அந்தப் பீப்பாயிலேயே விஸ்கியை 12 வாரம் வைத்தார்கள். 12 வாரம் என்பது விஸ்கிக் கணக்கில் கண்ணிமைக்கும் நேரம். ஆனாலும் பச்சை ஆப்பிள், பியருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவின் லேசான பச்சை வாசனை எல்லாம் மேலே தெரியும். ஃபினிஷின் வேகம் என்ன என்று புரிந்துகொள்ள நல்ல உதாரணம் அது.

இப்போது மலிவு விஷயம். வித்தியாசமான பீப்பாய் என்றாலே எட்டாத விலை என்று பயப்பட வேண்டியதில்லை. சிங்கிள் மால்ட்டில் கீழ்த்தட்டு விலையில் கிடைக்கிறவற்றில் கிளென் மோரே ஒன்று. ஸ்பேசைடில் எல்ஜின் நகரத்தில், லாஸி ஆற்றங்கரையில், பழைய பியர் ஆலை ஒன்றை மாற்றி 1897இல் தொடங்கிய டிஸ்டிலரி. இதன் 'எல்ஜின் கிளாசிக்' வரிசையில் சாதாரண போர்பன் பீப்பாய் விஸ்கியும் உண்டு, அதே விஸ்கியைப் போர்ட், ஷெர்ரி, ஷார்டொனே என்ற வெள்ளை ஒயின் போன்றவை ஊறிய பீப்பாய்களில் ஃபினிஷ் செய்ததும் உண்டு. எப்படிக் கட்டுப்படியாகிறது என்றால் ஒரு காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2008 முதல் கிளென் மோரே, பிரான்ஸின் லா மார்த்தினிகேஸ் குழுமத்தின் கையில் இருக்கிறது. போர்ட்டோ க்ரூஸ் என்ற போர்ட் ஒயினும் அதே குழுமத்துடையதுதான். பீப்பாய்க்கு வெளியே அலைய வேண்டியதில்லை.

விலையைக் குறைக்கிற மற்ற காரணங்கள் எல்லா மலிவு மால்ட்டுக்கும் பொது. லேபிளில் வயது இருக்காது, உள்ளே இருப்பது இளம் சரக்கு. ஆல்கஹால் சட்டம் சொல்லும் 40ஐ விட்டு மேலே போகாது, அதாவது தண்ணீர் கொஞ்சம் கூடுதல். குளிரவைத்து வடிகட்டியிருப்பார்கள். குளிரில் கலங்கலாகத் தெரியாமல் இருக்கச் செய்கிற வேலை அது, போகிற போக்கில் நாக்கில் வழவழப்புத் தருகிற கொழுப்புப் பொருள்களில் கொஞ்சத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடும். இளம் விஸ்கியின் கரடுமுரடை மூடுவதற்கு ஃபினிஷ் கைகொடுக்கும் என்பதும் உண்மை. முணுமுணுத்தவர்கள் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்ள இந்த மலிவு வரிசைதான் வசதி என்பது என் எண்ணம். இளம் சரக்கில் எது பார்லி, எது போர்பன் மரம், எது பிறகு ஏறிய ஒயின் என்று அடுக்கடுக்காகத் தனித்துத் தெரியும். 18 ஆண்டு ஊறிய விஸ்கியில் அவை ஒன்றுக்குள் ஒன்று கரைந்துபோய், புதியவர் நாக்குக்குப் பிடிபடாது.

ருசிப்பதற்கு வருவோம். நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை ஒன்றுதான்: ஃபினிஷ் செய்த விஸ்கியைத் தனியாக ருசிக்காதீர்கள். அதே டிஸ்டிலரியின் ஃபினிஷ் இல்லாத சாதாரண பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முழு பாட்டில் வாங்க வேண்டும் என்றில்லை, சின்ன மாதிரிப் பாட்டில்கள் போதும். நண்பரோடு பாதிப்பாதி பகிர்ந்துகொள்ளலாம். தனியாகக் குடித்தால் 'நன்றாக இருக்கிறது', 'இல்லை' என்பதற்கு மேல் எதுவும் தோன்றாது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாதது எதுவோ அதுதான் அந்தப் பீப்பாயின் வேலை. அகராதி தேவையில்லாமலே புரிந்துவிடும்.

கிளாஸ் அடியில் அகன்று, வாய்ப்பக்கம் குறுகி இருக்க வேண்டும். கிளென்கெர்ன் என்ற கிளாஸ் இதற்கென்றே செய்தது. இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் ஆகும். ஐஸ் வேண்டாம், குளிர்ச்சி வாசனையை அமுக்கிவிடும். ஒவ்வொன்றிலும் 20 மில்லி போதும். இது போதைக்குக் குடிப்பது இல்லை, அந்த நோக்கத்தோடு உட்காருபவருக்கு மூன்றாவது கிளாஸில் எல்லாமே ஒரே ருசிதான்.

நிறத்தைப் பாருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள். போர்ட் ஃபினிஷ் செய்தது சாதாரணத்தைவிடச் சற்றுச் செம்பட்டையாக, வெளிச்சத்தில் பிடித்தால் ரோஜா நிறம் கலந்த செம்பு மாதிரி தெரியும். அதைப் பார்த்த மாத்திரத்தில் மூளை 'சிவப்புப் பழம்' என்று முடிவுகட்டிவிடும். 2001இல் பிரான்ஸின் போர்தோவில் நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் வெளிவந்தன. ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களைக் கொண்டே அவர்கள் அதை விவரித்தார்கள். ஒயினையே படிக்கிறவர்கள் நிலைமை அது என்றால் நம் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் கூட இருப்பவரை ஊற்றச் சொல்லி, எது எந்தக் கிளாஸ் என்று தெரியாமல், வெளிச்சம் குறைத்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள். லேபிள் சொன்னதைத்தான் மூக்கு திருப்பிச் சொல்கிறதா, உண்மையிலேயே இருக்கிறதா என்பது தெளிவாகிவிடும்.

முகர்வதில் ஒயின் பழக்கம் உதவாது. மூக்கைக் கிளாஸுக்குள் நுழைத்து ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் நெடி ஏறி அடுத்த சில நிமிடத்துக்கு எதுவும் தெரியாது. விளிம்புக்குச் சற்று மேலே மூக்கை வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு, மெதுவாக, விட்டு விட்டு முகருங்கள். முதலில் சாதாரண போர்பன் பீப்பாய் விஸ்கி. கிளென் மோரேயில் எனக்குத் தெரிவது வெனிலா, வெண்ணெய் பிஸ்கட், எலுமிச்சைத் தோல், அடியில் கொஞ்சம் ஈரத் தானியம். பிறகு போர்ட் ஃபினிஷ். அந்த வெனிலாவும் பிஸ்கட்டும் இங்கேயும் இருக்கும். அதற்கு மேலே ஸ்ட்ராபெரி ஜாம் மாதிரி ஒரு பழ இனிப்பு, கொஞ்சம் நேரம் விட்டால் உலர்திராட்சை. திரும்பவும் முதல் கிளாஸுக்குப் போங்கள், அது இப்போது முன்பைவிட மெலிந்து, எலுமிச்சை தூக்கலாகத் தெரியும். இந்தப் போக்குவரத்தை அவசரமில்லாமல் செய்வதுதான் பாதிக் கல்வி.

வாயில் ஒரு சின்ன மிடறு. உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் படியும்படி சில நொடி வைத்திருங்கள். முதல் மிடறில் ஆல்கஹால் எரிச்சல்தான் பேசும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டாவது மிடறிலிருந்து கவனியுங்கள். போர்ட் ஃபினிஷில் இனிப்பு முன்னால் வரும், நடுவில் பழம், விழுங்கப் போகிற நேரத்தில் கன்னத்தின் உட்பக்கம் லேசாக இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பைத்தான் தேட வேண்டும். போர்பன் பீப்பாய் விஸ்கியில் அது அவ்வளவு தெரியாது. சிவப்பு ஒயினின் டானினும் அது ஊறிய மரமும் சேர்ந்து விட்டுப்போன தடம் அது. அளவாக இருந்தால் இனிப்பு திகட்டாமல் காக்கும். மிஞ்சினால் வாய் வறண்டு, மரத்தூளைக் கடித்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்து தண்ணீர். சில சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். 2017இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தார்கள். புகை வாசனைக்குக் காரணமான குவாயகால் என்ற பொருள், ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும்போது திரவத்தின் மேற்பரப்பை ஒட்டியே நிற்கிறது. 59 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. நீர்க்கும்போது அது மேலே வருகிறது, மூக்குக்கு எட்டுகிறது. மலிவு மால்ட் ஏற்கெனவே 40இல் இருப்பதால் அதற்குத் தண்ணீர் அவ்வளவு அவசியமில்லை, கூடிப்போனால் சப்பென்று ஆகிவிடும். இருந்தாலும் ஒரு கிளாஸில் மட்டும் செய்து பாருங்கள். ஃபினிஷ் சரியாக ஒட்டாத விஸ்கியைத் தண்ணீர் காட்டிக் கொடுத்துவிடும், ஒயின் வாசனை ஒரு பக்கம், பார்லி ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

எந்தப் பீப்பாய் என்ன தரும் என்பதற்கு ஓரளவு பொதுவழி உண்டு. ஓலரோசோ ஷெர்ரி என்றால் உலர்பழமும் பருப்பும். பெட்ரோ ஹிமெனெஸ் என்ற இனிப்பு ஷெர்ரி என்றால் திராட்சைப் பாகு. சொதேர்ன் என்ற பிரெஞ்சு இனிப்பு ஒயின் தேனும் ஆப்ரிகாட்டும் தரும், என் கணக்கில் புதியவருக்கு ஏமாற்றமே தராத ஃபினிஷ் அதுதான். ரம் பீப்பாய் கனிந்த வாழைப்பழம், பழுப்புச் சர்க்கரை. பால்வெனியின் 14 ஆண்டு கரீபியன் கேஸ்க் இதற்குப் பேர்போனது. ஜப்பானின் மிசுனாரா ஓக் சந்தன வாசனை தரும், விலைதான் நெருங்க விடாது. புகை மணக்கிற பீட் விஸ்கியைச் சிவப்பு ஒயினில் ஃபினிஷ் செய்தால் சிலருக்கு அமிர்தம், எனக்கு அணைந்த அடுப்பில் ஜாம் கொட்டின மாதிரி. ருசி அவரவர் பாடு.

ஷெர்ரி பற்றி இன்னொன்று. ஒரு காலத்தில் ஷெர்ரி பீப்பாயோடு கப்பலேறி பிரிட்டனுக்கு வந்தது. காலிப் பீப்பாய் விஸ்கிக்காரர்களுக்குச் சல்லிசாகக் கிடைத்தது. 1980களில் ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைப்பது கட்டாயமானதும் அந்த வரத்து நின்றுபோனது. இன்று ஷெர்ரி பீப்பாய் என்று விற்பவை பெரும்பாலும் விஸ்கிக்காகவே புதிதாகச் செய்து, ஓரிரு ஆண்டு ஷெர்ரி ஊற்றிப் பழக்கியவை. பொய் என்று சொல்ல முடியாது, பழைய பாதாள அறையில் தலைமுறைகளாகக் கிடந்த பீப்பாய் என்று கற்பனை செய்துகொள்ளவும் வேண்டாம்.

நல்ல ஃபினிஷா என்று எப்படித் தீர்மானிப்பது? நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன். கிளாஸை அப்படியே இருபது நிமிடம் மூடாமல் விட்டுவிட்டுத் திரும்ப முகர்வேன். முதலில் குப்பென்று அடித்த ஒயின் வாசனை அடங்கியிருக்கும். அடங்கிய பிறகும் அடியில் பார்லி இனிப்பும் வெனிலாவும் கெட்டியாக நின்றால், விஸ்கியும் நல்லது, பீப்பாயும் அதற்கு உதவியிருக்கிறது. அடங்கிய பிறகு வெறும் ஆல்கஹால் நெடியும் கசப்பும்தான் மிச்சம் என்றால் அச்சு மட்டுமே வேலை செய்திருக்கிறது. தீக்குச்சி உரசின வாசனையோ வெந்த முட்டைக்கோஸ் வாசனையோ விடாமல் வந்தால் அது கந்தகம். சில ஒயின், ஷெர்ரி பீப்பாய்களில் வருவது. உங்கள் மூக்கில் கோளாறு இல்லை.

லேபிளையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 'ஃபினிஷ்' என்று இருந்தால் கடைசிக் கட்டம் மட்டும் அந்தப் பீப்பாயில். 'மெச்சூர்டு' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் முழுக் காலமும். எத்தனை மாதம் ஃபினிஷ் என்று வெளிப்படையாகச் சொல்கிற டிஸ்டிலரியை நான் கூடுதலாக நம்புவேன். வயது போட்டிருந்தால் உள்ளே இருப்பதில் ஆக இளையதன் வயது அது, ஃபினிஷ் காலமும் அதற்குள் அடக்கம்.

திறந்த பாட்டிலை நிமிர்த்தியே வைக்க வேண்டும். ஒயின் மாதிரி படுக்கவைத்தால் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். வெயில் படக் கூடாது. பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு உள்ளே காற்று கூடி, மாதங்கள் போகப் போக வாசனை கலையத் தொடங்கும், மெல்லிய பழ வாசனைகள் முதலில் போகும். அதனால் ஃபினிஷ் செய்த விஸ்கியைக் கால் பாட்டிலாகப் பல மாதம் இழுத்தடிக்க வேண்டாம், அந்த அளவுக்கு வந்ததும் சின்னப் பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி இறுக மூடிவிடுங்கள்.